ஆய்விதழ்களின் ஆங்கிலச் சுருக்கங்களில் தமிழ்ப்பெயர்களும் பெரிய எழுத்தும்

தமிழ் ஆய்விதழ்கள் இன்று ஒவ்வொரு கட்டுரைக்கும் ஆங்கிலத்தில் ஒரு சுருக்கத்தையும் திறவுச்சொற்களையும் கேட்கின்றன. கட்டுரையின் உடற்பகுதியில் ஒற்று மிகும் இடத்திற்கும் மிகா இடத்திற்கும் காட்டப்படும் கவனம் அந்தப் பத்து வரிகளுக்குக் காட்டப்படுவதில்லை. ஆண்டாள் பாசுரங்களைப் பற்றிய ஒரே ஆய்வில் ஆண்டாள் பெயர் தலைப்பில் ஒருவகையாகவும், சுருக்கத்தில் வேறுவகையாகவும், திறவுச்சொல்லில் மூன்றாவது வகையாகவும் வருவது அரிதன்று. முதலெழுத்து மட்டும் பெரிதாக ஓரிடத்திலும், இடையிலுள்ள ணகரமும் இறுதி ளகரமும் பெரிதாக மற்றோரிடத்திலும், எல்லாமே சிறிதாக வேறோரிடத்திலும் அது நிற்கிறது. இதனை அச்சுப்பிழை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆங்கிலத்தின் பெரிய எழுத்துக்குத் தமிழாய்வாளர் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வேலைகளைக் கொடுத்திருக்கின்றனர் என்பதே இதன் காரணம்.

தமிழ் எழுத்தில் பெரிது, சிறிது என்னும் இணை கிடையாது. ஏனைய இந்திய எழுத்துகளிலும், அரபு, எபிரேய எழுத்துகளிலும் அது இல்லை. உரோமன் எழுத்திலும் அது தொடக்கத்திலேயே இருந்ததன்று. கல்வெட்டுக்குரிய பெரிய வடிவமும் ஏட்டுக்குரிய சிறிய வடிவமும் காலத்தால் வேறுபட்டவை. ஐரோப்பிய இடைக்காலத்தில்தான் இவை ஒரே பக்கத்தில் வேலையைப் பகிர்ந்துகொள்ளத் தொடங்கின. அப்பகிர்வும் மொழிக்கு மொழி மாறும். செருமன் மொழி எல்லாப் பெயர்ச்சொற்களையும் பெரிய எழுத்தில் தொடங்குகிறது. பிரெஞ்சு மொழியோ தமிழரைக் குறிக்கும்போது பெரிய எழுத்தையும், தமிழ்மொழியைக் குறிக்கும்போது சிறிய எழுத்தையும் ஆள்கிறது. ஆங்கிலத்தில் தொடரின் தொடக்கம், சிறப்புப்பெயர், நூல் தலைப்பு, முன்னெழுத்து, தெய்வத்தைச் சுட்டும் இடம் ஆகியவற்றில் அது வரும். 'நான்' என்னும் பொருளுடைய ஓரெழுத்துச் சொல்லை எப்போதும் பெரிதாக எழுதுவது ஆங்கிலத்தின் தனிப்பழக்கம்.

இது ஒரு வேலை. மற்றொன்று ஒலியைக் காட்டும் வேலை. தட்டச்சுப் பொறியிலும் தொடக்ககாலக் கணினியிலும் எழுத்தின் மேல் கோடோ கீழ்ப் புள்ளியோ இடுவது எளிதாக இருக்கவில்லை. ஆகவே நெட்டுயிர்க்கும் நாமடி ஒலிக்கும் பெரிய எழுத்தை இடும் வழக்கம் தோன்றியது. வடமொழிக்கென அமைந்த ஹார்வர்டு-கியோட்டோ முறையில் பெரிய 'ஏ' ஆகாரத்தையும், பெரிய 'டி' டகரத்தையும், பெரிய 'என்' ணகரத்தையும் குறிக்கும். தமிழுக்கு அம்முறையை விரித்தவர்கள் ளகரத்திற்குப் பெரிய 'எல்', றகரத்திற்குப் பெரிய 'ஆர்' என்று கொண்டனர். உரோமன் விசைகளால் தமிழைத் தட்டச்சிடும் முறைகளும் டகரம் போன்ற சிலவற்றில் மாறுபட்டாலும் ண, ள, ற மூன்றிலும் இவ்வழியையே பின்பற்றின. இன்று முனைவர் பட்ட மாணவர் ஒருவர் ளகரத்தைக் காணும் இடத்திலெல்லாம் பெரிய 'எல்' இடுவது விசைப்பலகை தந்த பழக்கம்.

இவ்விரு வேலைகளும் மோதும் இடத்தைத் திருவில்லிபுத்தூரே எடுத்துக்காட்டுகிறது. ஆண்டாள் என்னும் பெயரை ஒலிகளாகப் பிரித்தால் ஆ, ண், ட், ஆ, ள் என ஐந்தாகும். ஹார்வர்டு-கியோட்டோ வழியில் இவ்வைந்துக்கும் பெரிய எழுத்தே உரியது. பெயர் முழுவதும் பெரிய எழுத்தாக நிற்கும். ஆங்கிலம் படிப்பவர் அதை ஏதோ ஒரு நிறுவனத்தின் சுருக்கப்பெயர் என்றே கொள்வார். பெரியாழ்வார் பெயரோ அதே முறையில் சிறிய எழுத்தில் தொடங்கி, இடையில் மட்டும் ஆகாரத்திற்காக நிமிரும். ஒரே வரியில் தந்தை தாழ்ந்தும் மகள் உரத்தும் ஒலிக்கும் இந்தக் காட்சி எந்தத் தமிழ் மரபிலிருந்தும் வந்ததன்று.

இங்கே இலக்கண மரபு தரும் ஓர் உதவி இதுவரை போதிய அளவு கருதப்படவில்லை. தொல்காப்பியம் கூறும் மொழிமுதல் எழுத்துகளில் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்பவை இல்லை. ஒலி வேறுபாட்டிற்காகப் பெரிய எழுத்தை வேண்டும் மெய்கள் யாவும் இப்பட்டியலுள் அடங்குகின்றன. எனவே தனித்தமிழ்ச் சொல் ஒன்று பெரிய 'என்' கொண்டு தொடங்கினால் அது நகரமாகவே இருக்க வேண்டும். ணகரமாக இருக்க வழியில்லை. பெரிய 'டி' கொண்டு தொடங்கினால் அது தகரமே. நாச்சியார், திருமொழி ஆகிய சொற்களை ஆங்கில முறைப்படி பெரிய எழுத்தில் தொடங்கினாலும் மயக்கம் நேராது. மெய்களைப் பொறுத்தவரை இரு வேலைகளும் மொழிமுதலில் மோதாமல் தமிழின் ஒலியமைப்பே காத்து நிற்கிறது.

உயிர்களில் அந்தக் காவல் இல்லை. பெரிய 'ஏ' ஆகாரம் என்று கொண்டால், சிறப்புப்பெயர் என்பதற்காக அப்பரைப் பெரிய எழுத்தில் தொடங்கும்போது அவர் ஆப்பர் ஆகிவிடுவார். அரங்கன் ஆரங்கன் ஆவான். பிறமொழிப் பெயர்களில் மெய்க்கும் காவல் இல்லை. இன்றைய ஆய்வாளர்களின் பெயர்களில் ர, ல, ட ஆகியவற்றில் தொடங்குபவை எண்ணற்றவை.

ஊர்ப்பெயர்களிலும் இதே நிலைதான். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில், ஒரே இருப்புப்பாதையிலும் ஒரே நெடுஞ்சாலையிலும் அமைந்த இராசபாளையம், திருவில்லிபுத்தூர் ஆகிய இரண்டும் வழக்கில் மொழிமுதல் விதிக்குப் புறம்பான எழுத்துகளிலேயே தொடங்குகின்றன. ஒன்று ரகரத்தில் தொடங்குகிறது. மற்றொன்று கிரந்த வடிவமான 'ஸ்ரீ'யில். ரகரத்தில் தொடங்கும் வடசொல்லின் முன் இகரம் முதலான உயிர் வரும் என்று நன்னூல் விதி செய்துள்ளது. அவ்விதியைப் போற்றுவோர் 'இராசபாளையம்' என்பர். கிரந்தத்தை ஏற்போர் 'இராஜபாளையம்' என்பர். பேருந்துப் பலகையில் 'ராஜபாளையம்' என்றிருக்கும். அடுத்த ஊரிலும் 'ஸ்ரீ', 'திரு' என்னும் இரண்டும் வழங்குகின்றன. அகரவரிசைப்படி அமைந்த தமிழ்ச் சுட்டியில் இராசபாளையத்தை இகரத்தில் தேடுவதா ரகரத்தில் தேடுவதா என்ற ஐயம் உண்டு. ஆங்கிலத்தில் அந்த ஐயம் இல்லை. பெரிய 'ஆர்' அதைத் தீர்த்துவிட்டது. ஆனால் ஒலிமுறையை அறிந்தவர் அப்பெரிய 'ஆரை' றகரமாகப் படிப்பார். சகரத்திற்குச் சிறிய 'எஸ்', ஸகரத்திற்குப் பெரிய 'எஸ்' எனக் கொண்ட விசைப்பலகைகளில் பழகியவருக்கு மற்ற ஊரின் முதலெழுத்தும் வேறு பொருள் தரும். 'ஸ்ரீ'யைத் தனிச்சொல்லாகப் பிரித்து வில்லிபுத்தூரின் முதலிலும் ஒரு பெரிய எழுத்தை இடுவோரும் உளர். அவ்வாறு செய்யும்போது அவர்கள் அறியாமலேயே ஓர் ஊர்ப்பெயராய்வுக் கருத்தைச் சொல்லிவிடுகின்றனர்: முன்னொட்டு ஊர்ப்பெயரின் உறுப்பன்று, அடைமொழி மட்டுமே என்பது அதன் பொருள். திருநெல்வேலியை எவரும் அவ்வாறு பிரிப்பதில்லை.

ஒலிக்குப் பெரிய எழுத்தை ஆள்வதில் மற்றொரு குறையும் உள்ளது. கணினித் தேடல் பெரும்பாலும் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே கொள்ளும். கடவுச்சீட்டின் பொறிபடிப்பு வரிகளில் பெயர் முழுவதும் பெரிய எழுத்தாகவே இருக்கும். வங்கிப் படிவங்களும் தேர்வு விண்ணப்பங்களும் அவ்வாறே கேட்கின்றன. எல்லாம் பெரிதாகும் இடத்தில் எதுவும் பெரிதன்று. அங்கே மணமும் மனமும், பள்ளியும் பல்லியும், கறியும் கரியும் ஒன்றாகிவிடும். புள்ளியும் கோடும் தேடலில் புறக்கணிக்கப்பட்டாலும் பக்கத்தில் அழியாமல் நிற்கும். எழுத்தைப் பெரிதாக்கினாலும் அவை உடன் வரும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தபோது தலைச்சொற்களைச் சிறிய எழுத்தில், புள்ளியும் கோடும் இட்டுப் பெயர்த்தது. 2001இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 15919 தரமும் தமிழைப் பொறுத்தவரை பெரிதும் அதே வழியில் நிற்கிறது. தமிழை உரோமன் எழுத்தில் அச்சிடும் முயற்சி லிசுபனில் 1554இல் வெளிவந்த கார்த்தில்யாவோடு தொடங்கியது. நாலரை நூற்றாண்டுக்கு மேலான அவ்வரலாற்றின் பயனாகக் கிடைத்த கருவியை விட்டுவிட்டு, விசைப்பலகையின் வசதிக்காகப் பிறந்த இடைக்கால ஏற்பாட்டை அச்சில் நிலைக்கவிடுவதற்கு நியாயம் இல்லை. ஒருங்குறி எழுத்துருக்கள் வந்தபின் அந்த வசதிக்கான தேவையும் நீங்கிவிட்டது.

ஒலிச்சிக்கலைத் தீர்த்தபின் எஞ்சுவது பொருட்சிக்கல். அதுவே ஆய்வாளர் கருத்தில் கொள்ள வேண்டிய பெரிய பகுதி. ஆங்கிலத்தில் ஒரு சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்குவது, இது சிறப்புப்பெயர் என்று தீர்ப்பளிப்பதாகும். சாம்பல் நிற மலை அணில் என்பது ஓர் உயிரினத்தின் பொதுப்பெயர். ஆங்கில உரைநடையில் அது சிறிய எழுத்தில் வரும். திருவில்லிபுத்தூரில் 1988இல் அதற்கென அமைந்த சரணாலயத்தின் பெயரில் அதே சொற்கள் பெரிய எழுத்தைப் பெறும். பால்கோவா எங்கும் கிடைப்பது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா சட்டத்தால் காக்கப்படும் பெயர். இராசபாளையம் நாயில் ஊர்ப்பெயர் மட்டும் பெரிதாகும். நாய் சிறிதாகவே இருக்கும். தமிழில் இவ்வேறுபாடுகளைச் சூழலே உணர்த்துகிறது. ஆங்கிலம் எழுத்தால் உணர்த்தக் கேட்கிறது. அணிலுக்கும் பால்கோவாவுக்கும் அந்தத் தீர்ப்பை வழங்குவது எளிது. இலக்கியத்தில் அது எளிதன்று.

அகத்திணை மாந்தர்க்குப் பெயர் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. தலைவி, தலைவன், தோழி, செவிலி என்பவை நிலையைக் குறிப்பவை, எவருடைய பெயருமல்ல. ஆனால் ஆங்கிலச் சுருக்கங்களில் இச்சொற்கள் உரோமன் எழுத்திற்கு மாறிய உடனே பெரிய எழுத்தில் தொடங்கிவிடுகின்றன. 'தலைவி தோழியிடம் கூறுகிறாள்' என்னும் தொடர், அவ்வாறு எழுதப்படும்போது, தலைவி என்ற பெயருடைய ஒரு பெண் தோழி என்ற பெயருடைய மற்றொரு பெண்ணிடம் பேசுவதாகப் பிறமொழியாளருக்குத் தோன்றும். பெயரின்மை அகக்கவிதையின் அடித்தளம். அதை விளக்க முற்படும் கட்டுரையின் சுருக்கமே அதை அழித்துவிடுகிறது. திணை, துறை, உள்ளுறை, இறைச்சி ஆகியவற்றுக்கும் பெரிய எழுத்து இடும் பழக்கம் உள்ளது. கலைச்சொல்லுக்கு மதிப்புத் தரும் எண்ணமே அதற்குக் காரணம் எனலாம். ஆங்கிலத்தில் உருவகமும் உவமையும் அம்மதிப்பைப் பெறுவதில்லை. வேற்றுமொழிச் சொல் என்று காட்டச் சாய்வெழுத்தே போதும்.

பக்தி இலக்கியத்தில் சிக்கல் இன்னும் நுண்ணியது. 'மால்' என்னும் சொல் திருமாலையும் குறிக்கும், மயக்கத்தையும் குறிக்கும். 'மாயன்' பெயராகவும் நிற்கும். மாயம் செய்பவன் என்னும் பண்பாகவும் நிற்கும். தமிழில் இரு பொருளும் ஒரே வடிவில் உடனிருக்க, உரையாசிரியர் இரண்டையும் எடுத்துச் சொல்ல இடம் கிடைக்கிறது. மொழிபெயர்ப்பாளர் பெரிய எழுத்தை இட்டால் மயக்கம் மறையும். சிறிய எழுத்தை இட்டால் மால் மறைவான். இத்தகைய இடத்தில் தமிழ்ச்சொல்லை உரோமன் எழுத்தில் தந்து இரு பொருளையும் அடிக்குறிப்பில் விளக்குவதே நேர்மையான வழி.

தெய்வத்தைச் சுட்டும் மாற்றுப்பெயர்களைப் பெரிய எழுத்தில் தொடங்கும் கிறித்தவ ஆங்கில வழக்கு திருப்பாவை மொழிபெயர்ப்புகளிலும் புகுந்துள்ளது. அது மதிப்பின் அடையாளம் என்பதில் ஐயமில்லை. ஆனால் தமிழில் மதிப்பைக் காட்டும் வழி வேறு. ஆர் விகுதியும் உயர்வுப் பன்மையும் அதற்கென உள்ளன. ஆயர்மகளிர் கண்ணனிடம் அவற்றைக் கையாளாமல் 'நீ' என்றே பேசுகின்றனர். முப்பது பாசுரங்களின் அழகு அந்த நெருக்கத்தில் பெரிதும் தங்கியுள்ளது. ஆண்டாள் விலக்கிய தொலைவை ஆங்கிலத்தின் பெரிய எழுத்து மீண்டும் கொண்டுவந்து வைக்கிறது. வழிபாட்டு நோக்கில் வெளியிடப்படும் பதிப்பு அதனைக் கொள்வதில் தவறில்லை. ஆய்விதழ் அதனைக் கொள்வது மூலத்திற்கு மாறானது.

நூல் தலைப்புகளைப் பற்றி நீளக் கூற வேண்டியதில்லை. நாச்சியார் திருமொழி என்பதில் இரு சொல்லையும் பெரிதாகத் தொடங்குவோர் உண்டு. நூலக அட்டவணைகளில் முதற்சொல் மட்டுமே பெரிதாகும். ஆங்கிலம் அல்லாத தலைப்புகளுக்குச் சிக்காகோ நடைக்கையேடு பரிந்துரைப்பதும் தொடர்முறைப் பெரிய எழுத்தே. தமிழ்ச்சொற்கள் புணர்ந்தும் பிரிந்தும் நிற்கும் இயல்பு கொண்டவை. எங்கே ஒரு சொல் முடிகிறது என்பதே விவாதமாகும் தலைப்புகள் உள்ளன. முதற்சொல்லோடும் சிறப்புப்பெயர்களோடும் நிறுத்திக்கொள்வது அவ்விவாதத்தைத் தவிர்க்கும்.

முன்னெழுத்து அவ்வாறு எளிதில் தவிர்க்கக்கூடியதன்று. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண ஆட்சிக்குத் தலைமை தாங்கிய இராசபாளையத்தார், தமிழில் பூ. ச. குமாரசுவாமி ராஜா. ஆங்கிலத்தில் பெரிய 'பி', பெரிய 'எஸ்' என்று வரும். தமிழ் முன்னெழுத்து உயிர்மெய்; 'பூ' என்பதில் ஊகாரமும் உடன் வருகிறது. ஆங்கில முன்னெழுத்து மெய்யை மட்டும் வைத்துக்கொண்டு உயிரை விட்டுவிடுகிறது. அதனால்தான் ம. பொ. சி. ஆங்கிலத்தில் வெறும் மெய்களாகவும், உயிரோடு சேர்த்து ஒவ்வொன்றும் பெரிதாகத் தொடங்கும் ஈரெழுத்து வடிவமாகவும் இருவகையில் வழங்குகிறார். பின்னது ஆங்கில நடைக்குப் புதிது. ஆயினும் தமிழ் முன்னெழுத்தின் தன்மைக்கு உண்மையானது. தமிழில் பெயர் எழுதும்போது முன்னெழுத்தும் தமிழிலேயே அமைய வேண்டும் என 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. அவ்வாணை தமிழில் எழுதப்படும் பெயரை ஒழுங்குபடுத்தியது. ஆங்கிலத்திற்குச் செல்லும் பெயர் இன்னும் ஒழுங்கின்றியே இருக்கிறது. விளைவைச் சுமப்பவர் ஆய்வாளர். தந்தை பெயரின் முதலெழுத்தைக் குடும்பப்பெயராகக் கொள்ளும் தரவுத்தளம் ஒரே ஆய்வாளரின் கட்டுரைகளை இரண்டு மூன்று பெயர்களில் பிரித்து வைக்கிறது. பணி உயர்வுக்கு மேற்கோள் எண்ணிக்கை கேட்கப்படும் காலத்தில் இது சிறிய இழப்பன்று.

ஆணையால் எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்ற எண்ணத்திற்கு 2020ஆம் ஆண்டின் பட்டறிவு எச்சரிக்கையாக உள்ளது. 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்பிற்கேற்ப மாற்றும் ஆணை அவ்வாண்டு ஜூனில் வெளிவந்து சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. நோக்கம் பாராட்டத்தக்கது. கருவிதான் பொருந்தவில்லை. வேலூரின் ஏகாரத்திற்கு இரட்டை 'ஈ' இட்டதால் அவ்வூரை 'வீலூர்' என்று படிக்க வேண்டியதாயிற்று. ஆங்கிலத்தின் இருபத்தாறு எழுத்துகளை மட்டும் கொண்டு, புள்ளியும் கோடும் இன்றி, தமிழொலி முழுவதையும் காட்ட முயன்றால் இவ்வாறே நேரும். ஊர்ப்பெயர்களுக்கு வழக்கிலுள்ள அலுவல் வடிவத்தையே சுருக்கங்களில் ஆண்டு, ஒலி தேவைப்படும் ஆய்வுகளில் மட்டும் லெக்சிகன் வடிவத்தை ஒருமுறை உடன் தருவது போதும்.

தமிழில் இல்லாத பெரிய எழுத்தைத் தமிழ்ச்சொல்லின்மேல் ஏற்றவே கூடாது, அனைத்தையும் சிறிய எழுத்தில் எழுதுக என்று கூறுவோரும் உண்டு. மொழியியல் எடுத்துக்காட்டுகளுக்கும் அகராதிக்கும் அது பொருந்தும். ஆங்கிலத் தொடரின் நடுவே ஆண்டாளும் திருவில்லிபுத்தூரும் சிறிய எழுத்தில் நின்றால், மில்டனும் இலண்டனும் பெறும் தகுதி அவற்றுக்கு மறுக்கப்பட்டதாகவே படிப்பவர் கொள்வார். ஆங்கிலத் தொடர் ஆங்கில நெறியில் நடக்கட்டும். ஒலியைப் புள்ளியும் கோடும் காட்டட்டும். பெரிய எழுத்துக்குச் சிறப்புப்பெயரைக் காட்டும் வேலை மட்டும் இருக்கட்டும். ஆண்டாள் பெயர் அப்போது ஒரே ஒரு பெரிய எழுத்தோடும், அதன்மேல் ஒரு கோட்டோடும், உள்ளே உரிய புள்ளிகளோடும் நிற்கும். தலைவி சிறிய எழுத்தில் சாய்ந்து நிற்பாள்.

இதற்கு இதழாசிரியர் குழு செய்ய வேண்டியது அதிகமில்லை. கட்டுரை அனுப்பும் நெறிமுறைகளில் எழுத்துருவின் அளவையும் வரி இடைவெளியையும் கூறும் பகுதிக்கு அருகில், பெயர்ப்பு முறை எது என்பதை ஒரு தொடரில் சேர்க்கலாம். ஆய்வாளர் தம் பெயரை ஆங்கிலத்தில் எவ்வடிவில் எப்போதும் எழுதுகிறார் என்று கேட்டு அதை மாற்றாமல் அச்சிடலாம். ஆங்கிலச் சுருக்கத்தின் தலையில் அப்பெயருக்குக் கீழே தமிழெழுத்திலும் அப்பெயரைத் தரலாம். பூகாரமா புகரமா, ணகரமா னகரமா என்று பின்னால் வருபவர் ஐயுற்றால் பார்த்துக்கொள்ள அந்த ஒரு வரி உதவும்.